புயல் மழைக்கு வீட்டிலேயே இருப்பதா, கிளம்புவதா? நோயாளி, முதியவர், கைக்குழந்தை உள்ள மதுரை வட்டார வீடுகளுக்கான கேள்வி பதில்

படுத்த படுக்கையாக இருக்கும் அம்மா, ஆக்சிஜன் வைத்திருக்கும் அப்பா, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகும் மாமா, நிறைமாதப் பெண், பிறந்து இருபது நாளான குழந்தை. இவர்களில் ஒருவர் இருந்தாலும் அந்த வீட்டுக்குப் புயல் அறிவிப்பின் பொருள் வேறு. மற்றவர்கள் கடைசி நேரத்தில் ஓடிவிடலாம், இவர்களால் முடியாது. அதனால் இருப்பதானாலும் போவதானாலும் வெளிச்சம் இருக்கும்போதே முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுக்கு உதவும் கேள்விகளும் பதில்களும் கீழே.

மதுரைக்குக் கடலே இல்லை. புயல் இங்கே வந்து என்ன செய்துவிடும்?

காற்றைவிடத் தண்ணீரும் மின்வெட்டும்தான் இங்கே பெரிய ஆபத்து. கரையைத் தொட்ட புயல் உள்ளே வர வர வேகம் குறையும், ஆனால் மழையைக் கொண்டுவரும். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா, புதுக்கோட்டையைப் புரட்டிப்போட்டுத் திண்டுக்கல் பக்கமாக மேற்கே போனது. கொடைக்கானல் மலையில்கூட மரங்கள் சாய்ந்தன. 2020 டிசம்பரில் வந்த புரெவி, மன்னார் வளைகுடாவிலேயே நின்று வலுவிழந்தது.

புயல் நம் பக்கம் வரவே வேண்டாம் என்பதையும் நினைவில் வையுங்கள். 2024 அக்டோபர் கடைசியில் டானா புயல் ஒடிசாவில் கரை கடந்த அதே நாட்களில்தான் மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர் கண்மாயும் பந்தல்குடி வாய்க்காலும் பெருகி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததற்குப் புயல் காரணமில்லை, வெறும் மேலடுக்குச் சுழற்சி. பெயர் வைத்த புயல் வந்தால்தான் தயாராவோம் என்று காத்திருக்கக் கூடாது.

வானிலை அறிக்கையில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மழை அளவு. 24 மணி நேரத்தில் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை கனமழை, 11.6 முதல் 20.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வரும். நோயாளி உள்ள வீட்டுக்கு ஆரஞ்சையே சிவப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்துக்குள் பத்து சென்டிமீட்டர் மழை நாள் முழுக்கப் பெய்வது வேறு, மூன்று மணி நேரத்தில் பெய்வது வேறு. இரண்டாவதை நம் வாய்க்கால்கள் தாங்குவதில்லை.

அடுத்தது, வானிலை ஆய்வு மையம் புயல் கரை கடப்பதற்குச் சுமார் 12 மணி நேரம் முன்பாக வெளியிடும் அறிக்கை. கரை கடந்த பிறகு எந்தெந்த உள்மாவட்டங்கள் வழியாகப் போகும், அங்கே என்ன நடக்கும் என்பதை அது சொல்லும். கடலோரத்தார் முந்தைய எச்சரிக்கைகளிலேயே கிளம்பிவிடுவார்கள். உள்ளே இருக்கும் நமக்கு இந்த அறிக்கைதான் முக்கியம், தொலைக்காட்சியில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

மூன்றாவது வைகை அணை. முழுக் கொள்ளளவு 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. கரையோரம் இருப்பவர்கள் இரண்டாவது எச்சரிக்கையிலேயே படுக்கை நோயாளியை நகர்த்திவிட வேண்டும். ஆனால் அணையை மட்டும் நம்பவும் கூடாது. மஞ்சளாறு, மருதாநதி போன்றவை அணைக்குக் கீழேதான் வைகையில் சேர்கின்றன. அணை மூடியிருக்கும்போதும் ஆற்றில் வெள்ளம் வரும். சிறுமலையில் பெய்தால் சாத்தையாறு வழியாக நகரின் வடக்குப் பக்கக் கண்மாய்கள் நிறையும்.

வீட்டிலேயே இருக்கலாம் என்று எப்போது தைரியமாகச் சொல்லலாம்?

நான்கு கேள்விகள். கூரையும் சுவரும் தாங்குமா? வீட்டுக்குள் தண்ணீர் வராது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? 48 மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டாலும் நோயாளி தாங்குவாரா? மழை நடுவில் நெஞ்சு வலி வந்தால் மருத்துவமனைக்குப் போக ஒரு வழியாவது திறந்திருக்குமா?

நான்குக்கும் ஆம் என்றால் இருங்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து படுக்கை நோயாளியைத் தூக்கிக்கொண்டு போவது தேவையில்லாத துன்பம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அந்த ஒன்றைச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள். மின்சாரத்தை ஏற்பாடு செய்துகொள்ளலாம், தரைத்தளத்தில் தண்ணீர் வருமென்றால் மாடி வீட்டாரிடம் ஓர் அறை கேட்கலாம். முதல் கேள்விக்கு இல்லை என்றால் மட்டும் யோசிக்கவே வேண்டாம், கிளம்ப வேண்டியதுதான்.

எங்கள் வீடு தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது?

குடிசை, தகரக் கொட்டகை, சிமெண்ட் சீட் போட்ட வீடு, மண் சுவர் வைத்த ஓட்டு வீடு: இவற்றில் நோயாளியை வைத்திருக்கக் கூடாது. சீட்டைக் காற்று பிடுங்குவது ஒரு பக்கம். மண் சுவரின் ஆபத்து வேறு மாதிரி. காற்று ஓய்ந்து, மழை விட்டு, எல்லோரும் நிம்மதியாகத் தூங்கும்போது இடியும். மூன்று நான்கு நாள் ஊறிய சுவரின் அடிப்பகுதி மேலே உள்ள எடையைத் தாங்காது. எனவே மழை நின்ற அன்றே திரும்ப வராதீர்கள். இரண்டு நாள் வெயில் பட்ட பிறகு சுவரைச் சுற்றிவந்து பாருங்கள். புதிய வெடிப்பு, வயிறு தள்ளியது போன்ற உப்பல், அடியில் மண் உதிர்வு இருந்தால் உள்ளே படுக்கக் கூடாது.

தளம் போட்ட வீடாக இருந்தாலும் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரைப் பாருங்கள். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் அதிகாலையில் ஒரு உயரமான சுற்றுச்சுவர் இடிந்து விழுந்து, தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். நோயாளியின் கட்டில் அப்படிப்பட்ட சுவர்ப் பக்கமோ, புளியமரம், தென்னை சாய்ந்தால் விழும் பக்கமோ இருக்கக் கூடாது. கண்ணாடி ஜன்னலுக்கு நேராகவும் வேண்டாம்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிரப்பிவிடுங்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் எடை, காற்று அசைக்காது. காலித் தொட்டி பறந்து அடுத்த வீட்டில் விழும்.

தண்ணீர் வருமா வராதா என்பதை யாரிடம் கேட்பது?

தெருவில் முப்பது நாற்பது ஆண்டாக இருப்பவரிடம். "இங்கே எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?" என்று கேட்டு, அவர் காட்டும் உயரத்தோடு இன்னும் ஒரு முழம் சேர்த்துக்கொள்ளுங்கள். இடையில் புதிதாகச் சாலையை உயர்த்தியிருந்தால், வாய்க்காலை அடைத்து மனை போட்டிருந்தால், அவர் கணக்கு இன்றைக்குப் பொருந்தாது. உங்கள் தெரு எந்தக் கண்மாயின் கலுங்குக்கு, அதாவது உபரி நீர் வழியும் இடத்துக்குக் கீழே இருக்கிறது, கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்த ஓடையில் போகும் என்று தெரிந்துவைத்திருங்கள். கண்மாய்க்குள்ளேயே மனை போட்ட நகர்கள் மதுரையைச் சுற்றி நிறைய உண்டு. அங்கே தரைத்தளத்தில் நடக்க முடியாதவர் இருந்தால், கனமழை எச்சரிக்கை வந்த அன்றே மாடிக்கோ உறவினர் வீட்டுக்கோ மாற்றிவிடுங்கள். கிருதுமால் கரையில் இருப்பவர்களுக்கும் இதேதான்.

எப்படியும் வெளியேறிவிடுவதுதானே பாதுகாப்பு?

நன்றாக நடமாடும் ஆளுக்கு ஆம். தளர்ந்த முதியவருக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது. 2005-ல் அமெரிக்காவின் டெக்சாஸில், ரீட்டா சூறாவளிக்கு முன் முதியோர் இல்லத்திலிருந்து ஆட்களை ஏற்றிச் சென்ற பேருந்து டல்லாஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள். உள்ளே இருந்த ஆக்சிஜன் சிலிண்டர்கள் தீயை இன்னும் மோசமாக்கின. இதற்கு நேர்மாறாக 2017-ல் இர்மா சூறாவளியின்போது ஃபுளோரிடாவில் ஒரு முதியோர் இல்லம் ஆட்களை நகர்த்தாமல் வைத்திருந்தது. மின்சாரம் போய்க் குளிரூட்டி நின்றதும் வெப்பத்தில் 12 பேர் இறந்தார்கள். பெரிய மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது.

போனதாலும் சாவு, இருந்ததாலும் சாவு. முதலாவதில் பயணத்துக்கான ஏற்பாடு சரியில்லை, இரண்டாவதில் நிலைமை மாறியபோது முடிவை மாற்றவில்லை. நம் ஊரில் புயல் காலம் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. அந்த வெப்பம் நமக்கு வராது. ஈரமும் குளிரும்தான் வரும். நனைந்த துணியோடு இரண்டு மணி நேரம் ஆட்டோவில் உட்கார்ந்து வந்த எண்பது வயதுக்காரர் நிமோனியாவில் படுப்பது நடக்கக்கூடியது. கிளம்புவதானால் மழை தொடங்குமுன் கிளம்புங்கள். மாற்றுத்துணி, மஃப்ளர், பிளாஸ்டிக் விரிப்பு கையில் இருக்கட்டும்.

எந்த நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்?

மழை வலுக்கும் என்று சொல்லப்பட்ட நாளுக்கு முந்தின நாள் மாலை நான்கு மணி. அதற்கு முன் கிளம்பினால்தான் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்து, கட்டிலைப் போட்டு, மாத்திரை கொடுத்து, கழிப்பறைக்கு வழி பார்த்துவைக்க முடியும். "கொஞ்சம் பார்ப்போம்" என்று பத்து மணி வரை உட்கார்ந்திருந்து, தண்ணீர் வாசல் ஏறியதும் இருட்டில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. ஒரு சாண் ஆழத்தில் வேகமாக ஓடும் தண்ணீரே ஆளின் காலை வாரிவிடும். அதைப் போல இரண்டு மடங்கு இருந்தால் சிறிய கார் மிதக்கத் தொடங்கும்.

முடிவோடு ஒரு "மாற்றும் அடையாளம்" வைத்துக்கொள்ளுங்கள். தெரு முனையில் தண்ணீர் குழாயடித் திண்ணையைத் தொட்டால் அம்மாவை மாடிக்கு ஏற்றுவோம் என்பது போல. யார் பார்ப்பது, யார் தூக்குவது என்பதையும் சேர்த்தே பேசிவையுங்கள். அந்த நேரத்தில் விவாதம் இருக்கக் கூடாது.

அப்பா ஆக்சிஜனில் இருக்கிறார். வீட்டில் வைத்துப் பார்க்க முடியுமா?

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள 150 ஆம்பியர் பேட்டரி, புதிதாக இருந்தாலும், அதை மூன்று மணி நேரம்தான் ஓட்டும். மின்விசிறியும் விளக்கும் சேர்ந்தால் இன்னும் குறையும். பேட்டரி மூன்று வருடப் பழசு என்றால் பாதியைத்தான் நம்பலாம். ஆக, கான்சன்ட்ரேட்டர் இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது என்பதற்காக வீட்டில் இருக்கலாம் என்று நினைப்பது தவறு. சிலிண்டர் வேண்டும்.

பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் மீட்டர் முள் 150-ல் நிற்கும், உள்ளே சுமார் 1,500 லிட்டர் இருக்கும். முள் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் மிச்சம் எத்தனை லிட்டர் என்று வரும். அதை ஒரு நிமிடத்துக்குப் போகும் லிட்டரால் வகுத்தால் நிமிடக் கணக்கு. இரண்டு லிட்டர் வேகத்தில் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். ஐந்து லிட்டர் வேகத்தில் ஐந்தே மணி நேரம். ஜம்போ என்று சொல்லும் டி டைப்பில் ஏறக்குறைய 7,000 லிட்டர் இருக்கும். இரண்டு லிட்டர் வேகத்தில் இரண்டு நாளைத் தாண்டும். ஐந்தில் ஒரு பங்கைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள், சிலிண்டர் மாற்றும் நேரத்துக்கு அது வேண்டும்.

நோயாளிக்கு நிமிடத்துக்கு இரண்டு லிட்டருக்கு மேல் தேவை, ஜம்போவும் கிடைக்கவில்லை என்றால் வீட்டில் வைக்க வேண்டாம். முந்தின நாளே மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள். வெள்ளத்தன்று சிலிண்டர் நிரப்பும் வண்டி வராது.

சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டு நிறுத்துங்கள். வால்வு திறக்கும் சாவியைச் சிலிண்டர் கழுத்திலேயே கயிற்றில் கட்டுங்கள், இருட்டில் அதைத் தேடித்தான் பதறுவார்கள். ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படக் கூடாது, தீப்பிடிக்கும். கரண்ட் போனதும் கை பழக்கத்தில் குத்துவிளக்கோ மெழுகுவர்த்தியோ ஏற்றிவிடுவோம். ஆக்சிஜன் ஓடும் அறையில் அது கூடவே கூடாது. கொசுவத்தியும் கூடாது. மூன்று டார்ச் வாங்கி வையுங்கள். வண்டியில் சிலிண்டரோடு போனால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், யாரும் புகைபிடிக்கக் கூடாது.

நெபுலைசர் மட்டும் பயன்படுத்துபவர்கள், அதே மருந்தைப் பம்பும் ஸ்பேசருமாக எடுக்கலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வாங்கிவையுங்கள். அதற்குக் கரண்ட் வேண்டாம்.

ஃபிரிட்ஜ் நின்றால் இன்சுலின் கெட்டுவிடுமா?

பயந்துகொண்டு நிறுத்திவிடாதீர்கள், அதுதான் ஆபத்து. திறந்து பயன்படுத்தும் இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழே 28 நாள் வரை வெளியிலேயே தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்பதை அட்டைப்பெட்டியில் பாருங்கள். புயல் நாளில் மதுரை வீட்டுக்குள் வெப்பம் பொதுவாக அதற்கு மேல் போகாது. திறக்காத குப்பிகளை ஈரமணல் போட்ட மண்பானைக்குள் சிறிய சட்டி வைத்து அதில் வைக்கலாம். மழைக்காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பானை கோடையில் குளிர்வது போலக் குளிராது, ஆனாலும் சமையலறைச் சூட்டிலிருந்து காக்கும். ஐஸ் கட்டி மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது, பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

சாப்பாடு தாமதமாகும் என்பதால் சர்க்கரை தாழ்ந்துபோவதற்குத்தான் அதிக வாய்ப்பு. வேர்வை, நடுக்கம், குழறல் கண்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மாத்திரை எத்தனை நாளுக்கு?

பதினான்கு நாளுக்கு. வீடு தேடி மாத்திரை கொண்டுவந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம் அறிவிப்பு வந்ததுமே சொல்லுங்கள். வலிப்பு மாத்திரை, ஸ்டீராய்டு, இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, மனநல மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரை ஆகியவற்றை ஒரு வேளைகூட விடக் கூடாது. அட்டையைத் துண்டு துண்டாக வெட்டாமல் பெயரும் காலாவதித் தேதியும் தெரியும்படி வையுங்கள். சீட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கைப்பேசியில் படம் பிடித்து இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள்.

டயாலிசிஸ் நாள் புயல் நாளில் விழுகிறது. என்ன செய்வது?

முன்தள்ளுங்கள். புதன்கிழமை புயல் என்றால் செவ்வாயே போட்டுக்கொள்ள முடியுமா என்று மையத்தில் இரண்டு நாள் முன்பே கேளுங்கள். எல்லோரும் கேட்பார்கள், தாமதித்தால் இடம் இருக்காது. வைகைக்குத் தெற்கே வீடு, வடகரையில் கோரிப்பாளையம் பக்கம் சிகிச்சை என்றால், தண்ணீர் வந்ததும் கல்பாலத்தில் போக்குவரத்து நிற்கும் என்பதைக் கணக்கில் எடுங்கள். அந்தப் பக்கம் ஒரு உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்குவது நல்லது.

ஒரு நாள் தவறிப்போனால் உணவில் கவனம் வேண்டும். மருத்துவர் சொன்ன தண்ணீர் அளவைத் தாண்டவே கூடாது. உப்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். தெருவில் தென்னை சாய்ந்து கிடக்கும், ஆளாளுக்கு இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். சிறுநீரக நோயாளிக்கு அது விஷம் போன்றது. வாழைப்பழமும் அப்படியே. பொட்டாசியம் ஏறினால் முன்னறிவிப்பு இல்லாமல் இதயம் நின்றுவிடும். நிவாரணமாகப் பழமும் இளநீரும் கொண்டுவருபவர்களிடம் கூச்சப்படாமல் மறுத்துவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ கை கால் சோர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு?

காற்றுப் படுக்கை வைத்திருந்தால் அதன் மோட்டார் மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும், இன்வெர்ட்டரில் முதல் இடம் அதற்குக் கொடுங்கள். மோட்டார் நின்றுவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று சுவரில் எழுதி, முடிந்ததும் கோடு போடுங்கள். அசந்து தூங்கிவிடும் இரவில்தான் புண் வரும்.

டயப்பர் ஒரு நாளைக்கு ஐந்து என்று ஏழு நாளுக்கு. கட்டில் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள். டியூப் வழியாக உணவு கொடுப்பதானால் கஞ்சியை ஒவ்வொரு வேளையும் புதிதாகக் காய்ச்சி வடிகட்டுங்கள். ஃபிரிட்ஜ் இல்லாதபோது மிச்சம் வைக்காதீர்கள்.

தூக்கும் முறையை முன்பே ஒருமுறை செய்துபாருங்கள். தடித்த போர்வையை அவருக்கு அடியில் விரித்து, ஓரங்களைச் சுருட்டிப் பிடித்து, நான்கு பேர் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும். படியில் ஏறும்போது தலை மேல்பக்கம் இருக்கட்டும். உட்கார முடிபவரென்றால் கைப்பிடி உள்ள மரநாற்காலியில் துண்டால் கட்டி இருவர் தூக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் ஒடியும். உங்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் நாற்காலி திரும்புமா என்பது செய்துபார்த்தால்தான் தெரியும்.

நிறைமாதப் பெண், கைக்குழந்தை?

37 வாரம் தாண்டியிருந்தால், அல்லது முந்தைய பிரசவம் அறுவைச் சிகிச்சையென்றால், வீட்டில் காத்திருக்க வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள்.

குழந்தைக்குத் தாய்ப்பால் போதும், அதைவிடச் சுத்தமானது வெள்ள நாளில் கிடையாது. பவுடர் பால் கொடுக்கும் கட்டாயம் இருந்தால் பாட்டிலைத் தவிர்த்து, கொதிநீரில் போட்டெடுத்த பாலாடைச் சங்கில் கொடுங்கள். பாட்டிலின் மூலை முடுக்குகளைச் சுத்தம் செய்யத் தண்ணீர் போதாது.

பாட்டிக்கு மறதி நோய். இருட்டில் எழுந்து வெளியே போய்விடுவார் என்று பயமாக இருக்கிறது.

அவர் படுக்கும் அறையில் இரவு முழுக்க ஒரு சிறிய சார்ஜ் விளக்கு எரியட்டும். இருட்டும் காற்றுச் சத்தமும் சேர்ந்தால் கலக்கம் கூடும். வாசல் தாழ்ப்பாளை அவர் கைக்கு எட்டாத உயரத்தில் போடுங்கள், ஆனால் பூட்டிச் சாவியை எங்கோ வைக்காதீர்கள், தண்ணீர் வந்தால் உங்களுக்கும் வழியில்லாமல் போகும். பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிய துணிப்பட்டையைச் சேலை முந்தானையில் ஊக்கு குத்தாமல் தைத்துவிடுங்கள். வெளியிடத்துக்குப் போக வேண்டியிருந்தால், அவர் தினமும் பயன்படுத்தும் போர்வையும் டம்ளரும் கூட வரட்டும்.

அப்பா வீட்டைவிட்டு வரவே மாட்டேன் என்கிறார்.

"ஆபத்துப்பா" என்று பத்து முறை சொல்வதால் பலன் இல்லை. அவர் எதைக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் மாடு, ஆடு, பத்திரம், நகை, அல்லது சொல்லக் கூச்சப்படும் ஒன்று: கழிப்பறை. மண்டபத்தில் பொதுக் கழிப்பறை, கீழே உட்கார முடியாது, வரிசையில் நிற்க முடியாது. இதனால்தான் பல முதியவர்கள் மறுக்கிறார்கள். கமோட் சேரையும் ஒரு வாளியையும் மறைப்புக்கு ஒரு பழைய சேலையையும் கூடவே எடுத்துவருகிறோம் என்று சொல்லிப்பாருங்கள். முடிந்தவரை நிவாரண முகாமைவிட மேட்டுப்பக்கம் இருக்கும் உறவினர் வீடு மேல். "மழை விடுற வரைக்கும் அத்தை வீட்ல ரெண்டு நாள் இருந்துட்டு வருவோம்ப்பா" என்றால் மானம் கெடாது.

மாட்டை மேட்டில் கொண்டுபோய்க் கட்ட முடியாவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டிப்போட்ட மாடு நின்ற இடத்திலேயே மூழ்கும். அவிழ்த்துவிட்டது நீந்திக் கரையேறும். இதை அவர் கண்முன்னே செய்தால் பாதிப் பிடிவாதம் இறங்கிவிடும்.

தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை?

குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர், எல்லாத் தேவைக்கும் சேர்த்துப் பதினைந்து லிட்டர். படுக்கை நோயாளிக்குத் துடைக்க, துவைக்க என இதைவிடக் கூடும். மூன்று நாளுக்கு மூடியுள்ள குடம், அண்டா, டிரம் அனைத்தையும் நிரப்புங்கள். தரைத்தொட்டியில் வெள்ளநீர் கலந்துவிட்டால் அதைக் குடிக்கக் கூடாது. தேற்றாங்கொட்டை உரசினால் கலங்கல் தெளியும், கிருமி சாகாது. தெளிந்த பின் தளதளவென்று கொதிக்கவைத்தே தீர வேண்டும்.

அவல், பொரி, சத்துமாவு, வறுத்த ரவை, பால் பவுடர், பல்லில்லாதவருக்கு ரொட்டி. அரிசி மாவு ஆட்டிவைத்து நம்பியிருக்காதீர்கள், ஃபிரிட்ஜ் நின்றால் ஒரே நாளில் புளித்துவிடும். ஓஆர்எஸ் பொட்டலம் பத்து.

தெருவில் தண்ணீர் நின்றால் செப்டிக் டேங்க் நிறைந்து கழிவு மேலேறி வரும். கோப்பையில் மணல் நிரப்பிய பையை அழுத்தி வைத்துவிட்டு, வாளியும் பிளீச்சிங் பவுடரும் பயன்படுத்துங்கள்.

மின்சாரத்தை எப்போது அணைக்க வேண்டும்?

தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே. சுவிட்ச் போர்டுக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ந்த கையோடு, காய்ந்த இடத்தில் நின்று மெயினை இறக்குங்கள். தண்ணீருக்குள் நின்றுதான் இறக்க முடியும் என்றால் தொடாதீர்கள், மின்வாரியத்தின் சேவை மையமான மின்னகத்தை 94987 94987-ல் அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் மெயினை இறக்கினாலும் மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அதைத் தனியாக நிறுத்த வேண்டும். பேட்டரியை முந்தின நாளே மேசை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். துணி காயப்போடும் கம்பி, மின்கம்பத்து ஸ்டே கம்பி இரண்டின் பக்கமும் போகக் கூடாது. ஜெனரேட்டரை வராந்தாவில்கூட ஓட்டாதீர்கள். மணமில்லாத புகை, மூடிய அறையில் தூங்குபவரைக் கொன்றுவிடும். கரியடுப்பும் அப்படித்தான்.

உதவிக்கு யாரை அழைப்பது, என்ன சொல்வது?

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்புத் துறை 101. முதல் வாக்கியத்திலேயே "நடக்க முடியாத நோயாளி, ஆக்சிஜனில் இருக்கிறார், தரைத்தளம், தண்ணீர் இடுப்பளவு" என்று சொல்லுங்கள். பிறகு வார்டு எண், தெரு, பக்கத்தில் இருக்கும் கோவிலோ பள்ளியோ. கதவு எண் வெள்ளத்தில் யாருக்கும் தெரியாது. வண்டி எதுவரை வர முடியும் என்றும் சொல்லுங்கள். மணிநகரம் சுரங்கப்பாதை போல நிறையும் இடங்களைத் தாண்டி வரவேண்டியிருந்தால் மாற்றுவழி சொல்லுங்கள். கிராமமானால் கிராம நிர்வாக அலுவலரிடம் முந்தின நாளே பெயரைக் கொடுத்துவையுங்கள், தேடும்போது முதல் பட்டியலில் இருப்பீர்கள்.

மழை விட்டது. உடனே என்ன பார்க்க வேண்டும்?

தரையில் யாரும் படுக்க வேண்டாம். வெள்ளத்தில் இடம் தேடி வரும் கட்டுவிரியன் இரவில் பாய்க்குள் புகும். கடித்த இடம் வலிக்காது, வீங்காது, காலையில் இமை தொங்கி மூச்சு திணறும்போதுதான் தெரியும். கட்டிலும் கொசுவலையும், வலையின் ஓரம் மெத்தைக்கு அடியில் செருகி. கடித்தது என்று சந்தேகம் வந்தாலே பெரியாஸ்பத்திரிக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ போக வேண்டும். கீறுவதும் கட்டுப்போட்டு இறுக்குவதும் கூடாது.

நனைந்த சுவிட்ச் போர்டை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் மெயினைப் போடாதீர்கள். மின்சாரம் வந்ததும் கான்சன்ட்ரேட்டரை உடனே மாட்டாமல் பத்து நிமிடம் விடுங்கள், முதல் சில நிமிடங்களில் மின்னழுத்தம் ஏறி இறங்கும். வெள்ளநீரில் நின்றவர்களுக்கு அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். தண்ணீரில் நின்றதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.